அம்பாசிடருக்கு செனான் போட்டும் ரோடு தெரியவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 22 வருஷமாக வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். ஹெட்லைட் மங்கல் என்று வருகிறவர்களில் நிறையப் பேர் இப்போது செனான் கிட்டை (சுருள் கம்பிக்குப் பதில் மின்பொறியால் எரிகிற பல்பும் அதற்கான பெட்டியும்) மாட்டிவிட்டு, அதுவும் சரிப்படாமல்தான் என்னிடம் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு வண்டியைப் பற்றி விவரமாக எழுதுகிறேன். கிட் மாட்டிய நிலை, கழற்றிய நிலை, வேலை முடிந்த நிலை என்று மூன்றையும் ஒரே சுவரில் அடித்துப் பார்த்து, அளவெடுத்து, நோட்டில் குறித்து வைக்க இந்த ஒரு தடவைதான் நேரம் கிடைத்தது.

வண்டி 1996 மாடல் அம்பாசிடர், பெட்ரோல். சொந்தக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 64. கல்மண்டபம் பக்கம் வீடு. மகளைப் பொன்னேரியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு தடவை பேரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு, பத்து மணிக்கு மேல் மீஞ்சூர், மணலி வழியாகத் திரும்புவார். அந்த ரோட்டில் ராத்திரி ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரத்தில் வரிசையாக நிற்கும். பின்விளக்கு எரியாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அதன்மேல் சேறு அப்பியிருக்கும். ஒரு நாள் மணலிக்கு முன்னால் அப்படி நின்ற ஒரு டிரெய்லரைக் கிட்ட வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். "ஒரு முழம்தான் தம்பி இருந்துச்சு. பக்கத்துல வீட்டம்மா தூங்கிக்கிட்டு இருந்தாங்க" என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் கை ஸ்டியரிங்கை ஒடிப்பது போலத் திரும்பியது.

மறுநாளே ஓர் அக்சஸரீஸ் கடைக்குப் போய், "நல்லா தூக்கலா வெளிச்சம் வேணும்" என்று கேட்டிருக்கிறார். 8,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும்) செனான் கிட் ஒன்றை 2,600 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஓட்டினார். அப்புறம் மூன்று புகாரோடு என்னிடம் வந்தார். மழை பெய்தால் இடது பக்க விளக்கு விட்டு விட்டு எரிகிறது. எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். மூன்றாவதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது: "வெளிச்சம் ஜோராத்தான் இருக்கு. ஆனா ரோடு முன்ன விட தெரியல தம்பி."

இந்த மூன்றாவது புகாரைப் பலர் நம்ப மாட்டார்கள். நான் நம்பினேன்.

சுவரில் பார்த்தது

எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஒரு கிடங்கின் நீளமான மதில் இருக்கிறது. தரை சமமாக இருக்கும். ராத்திரி பத்தரைக்கு அங்கே வண்டியை நிறுத்தினோம். டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் அவரையே உட்கார வைத்தேன். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி வரைக்கும் 72 சென்டிமீட்டர். சுவரிலும் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். வண்டிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் தூரம்.

டிம் போட்டால் சுவரில் ஒரு கோடு விழ வேண்டும். கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், அதனால் நடைபாதை ஓரம் தூரம் வரைக்கும் தெரியவேண்டும், எதிரில் வருகிறவர் கண்ணில் விழக்கூடாது. இந்த வண்டியில் கோடே இல்லை. நீல வெள்ளையாக ஒரு பெரிய மேகம் சுவர் முழுக்கப் படர்ந்தது. என் உதவிக்கு இருக்கும் பையனை வண்டியிலிருந்து 8 மீட்டரில், வலது பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தேன். அவன் சட்டைப் பித்தானில் இருந்த நூலை எண்ணலாம் போல இருந்தது. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். இது டிம்மில்.

8 மீட்டர் என்று நான் சும்மா எடுக்கவில்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி ஹெட்லைட் வெளிச்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது. வண்டிக்கு முன்னால் 8 மீட்டரில், விளக்குக்கு வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக்கூடாது என்பது அதன் அளவு. 1.5 மீட்டர் என்பது எதிரில் பைக்கில் வருகிற ஒருவரின் கண் இருக்கும் உயரம்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலே புரியும். பைக்காரர் ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெற்றிக்கு மேல் வைத்து மறைத்தபடி வருவார். பக்கத்தில் டிரெய்லர் ஓடும். அந்தக் கை எந்த நேரத்திலும் ஹேண்டில் பாரில் இருக்க வேண்டிய கை.

செனான் ஏன் இங்கே கெட்டுப்போகிறது

செனான் மோசமான பொருள் இல்லை. 1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்த காலத்திலிருந்து அது நல்ல வெளிச்சத்துக்குப் பேர் போனது. 55 வாட் ஹாலஜன் (சுருள் கம்பி பல்ப்) டிம்மில் சுமார் 1,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தரும். செனான் வண்டிகளில் கம்பெனியே போட்டு வந்த டி2எஸ் பல்ப் 35 வாட்டில் 3,200 லூமென் தரும். கரண்டும் குறைவு, ஆயுளும் அதிகம். இந்த எண்களைப் பார்த்துத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதில் தப்பும் இல்லை.

ஆனால் அம்பாசிடரில் இருப்பது எச்-4 பல்புக்காகச் செய்த ஏழு அங்குல வட்ட ரிஃப்ளெக்டர். ஓர் எச்-4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு சுருள் கம்பி இருக்கும். முன்னால் இருப்பது டிம்முக்கு. அதன் அடியில் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடு கீழ்ப்பக்கம் போகிற வெளிச்சத்தை முழுக்கத் தடுத்துவிடும். மேல்பக்கம் போகிறது மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் பட்டு, ரோட்டை நோக்கிக் கீழே திரும்பும். அந்தக் கரண்டியின் ஒரு ஓரம் 15 டிகிரி இறங்கியிருக்கும். சுவரில் இடது பக்கம் ஏறுகிற அந்தக் கோடு அங்கிருந்துதான் வருகிறது. ஆக, கோட்டை வரைவது விரல் நகத்தை விடச் சின்ன ஒரு தகடு. கம்பியும் தகடும் ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் கோடு கலைந்துவிடும்.

செனானில் கம்பியே கிடையாது. இரண்டு முனைக்கு நடுவே 4 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மின்பொறி நிற்கிறது. அது மேல்பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கும், இரண்டு முனையிலும் வெளிச்சம் கூடுதலாக இருக்கும். சுருள் கம்பியில் நடுப்பகுதிதான் பிரகாசம். கிட்டில் வருகிற எச்-4 செனானில் டிம், பிரைட் மாற்றுவதற்காக ஒரு காந்தச் சுருள் வைத்து, பல்பையே முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். இந்த வண்டியில் வலது பக்க பல்ப் பிரைட் இடத்திலிருந்து திரும்பி வராமல் பாதியில் சிக்கியிருந்தது. இவர் டிம் போட்டும் எதிர்ப்பக்கம் திட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அவ்வளவு வெளிச்சம் இருந்தும் அவருக்கு ஏன் ரோடு தெரியவில்லை? சிதறிய வெளிச்சத்தில் பெரும்பகுதி பம்பருக்கு முன்னாலேயே பத்து மீட்டருக்குள் கொட்டுகிறது. அங்கே பகல் மாதிரி இருப்பதால் கண்பாவை சுருங்கிவிடும். சுருங்கிய கண்ணுக்கு ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருப்பது கரி இருட்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறோம். பார்த்து, காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். பழைய அம்பாசிடர் அதற்கு மேல் இன்னும் அவ்வளவாவது ஓடித்தான் நிற்கும். நமக்கு வெளிச்சம் வேண்டிய இடம் அந்த ஐம்பது மீட்டரும் அதற்கு அப்பாலும்தான். 8,000 கெல்வின் நீல நிறம் வேறு. மழையில் மேலே சிதறிய வெளிச்சம் துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், நீலமாக இருந்தால் கண் இன்னும் கூசும். கம்பெனி செனான் வண்டிகள் எல்லாம் 4,300 கெல்வின் பக்கம் இருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

பழைய பல்பைப் போட்டு அளந்தது

அவருடைய பழைய எச்-4 பல்புகள் டேஷ்போர்டு பெட்டியில் பத்திரமாகச் செய்தித்தாளில் சுற்றி இருந்தன. கிட்டைக் கழற்றி அவற்றை மாட்டினேன். சுவரில் கோடு வந்துவிட்டது, ஆனால் வெளிச்சம் தீபாவளி விளக்கு மாதிரி மஞ்சளாக, சோகையாக இருந்தது. இவர் ஏன் செனானைத் தேடிப் போனார் என்பது அப்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. நானாக இருந்தாலும் தேடியிருப்பேன்.

என்ஜினைக் கொஞ்சம் ஏற்றி ஓடவிட்டு பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன்: 13.9 வோல்ட். பல்ப் ஹோல்டரில், லைட் எரியும்போதே வைத்தேன்: இடது பக்கம் 11.2, வலது பக்கம் 11.6. லைட்டை அணைத்துவிட்டு அளந்தால் இந்தக் குறை தெரியாது. கரண்ட் ஓடும்போதுதான் வோல்ட் விழும். இந்த ஒரு விஷயத்தை வேலை கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொரு பையனுக்கும் நான் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறேன்.

இடது பக்கம் 2.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அது எங்கே தொலைகிறது என்று பிரித்தேன். பாசிட்டிவ் பக்கம் 1.9, எர்த் பக்கம் (வண்டியின் பாடி வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி) 0.8. பாசிட்டிவ் பக்கத்தில் முழுக் கரண்டும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், டிம், பிரைட் மாற்றுகிற டிப்பர் சுவிட்ச், வயரை இணைக்கிற நான்கு கப்ளர் எல்லாம் சுற்றிக்கொண்டு மெல்லிய பழைய வயரில் முன்னுக்கு வருகிறது. நடுவில் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) கிடையாது. எர்த் பக்கம் இடது மட்கார்டு பக்கத்தில் ஒரு போல்ட். அதைக் கழற்றியபோது துருவும் வெள்ளை உப்பும் கையில் பொடியாக உதிர்ந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் ஓரமாக நிற்கிற வண்டிகளுக்கு இது ஊர் நோய். கல்மண்டபத்தில் தெருவில் நிறுத்தி வைத்த 29 வயசு வண்டி இதற்குத் தப்ப முடியாது. செனான் கிட்டின் எர்த்தையும் அதே போல்ட்டில்தான் மாட்டியிருந்தார்கள். செனானின் பல்லாஸ்ட் (பல்புக்கு வேண்டிய வோல்ட்டைக் கொடுக்கிற பெட்டி) பல்ப் எரிய ஆரம்பிக்கிற நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தூக்கும், அதற்கு ஒரேயடியாக நிறையக் கரண்ட் இழுக்கும். துருப்பிடித்த எர்த் அதைக் கொடுக்க முடியாமல் விளக்கு அணைந்து, மறுபடி எரிந்து, மறுபடி அணைந்திருக்கிறது. முதல் புகாருக்கு விடை இதுதான்.

ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பல்பின் 1,000 லூமென் கணக்கு 13.2 வோல்ட்டில் எடுத்தது. 11.2 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 570 பக்கம்தான் வருகிறது. கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் வயரிலேயே எரிந்து போயிருக்கிறது.

மீதியை ரிஃப்ளெக்டர் தின்றிருக்கிறது. ரிஃப்ளெக்டரும் முன்கண்ணாடியும் சேர்ந்த யூனிட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். முகம் பார்க்கிற கண்ணாடி போல இருக்க வேண்டியது, நாலு தலைமுறை தேய்த்த எவர்சில்வர் தட்டு போல மங்கியிருந்தது. டிம்முக்கு வேண்டிய மேல் பாதிதான் மோசம். இதைத் துணியால் துடைத்தால் இருக்கிற பூச்சும் போய்விடும். மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

செய்த வேலை

"அப்போ செனான வெச்சிக்கிட்டே எர்த்த மட்டும் சரி பண்ண முடியாதா தம்பி? காசு குடுத்து வாங்கினது" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செனானே வேண்டும் என்றால் அதற்கென்று லென்ஸும் தடுப்புத் தகடும் உள்ள புரொஜெக்டரை உள்ளே பொருத்த வேண்டும் என்று சொன்னேன். ஐரோப்பாவில் செனான் வண்டிகளுக்கு, சுமை ஏறினால் தானாகச் சாய்வைச் சரிசெய்கிற அமைப்பும் கண்ணாடியைக் கழுவுகிற அமைப்பும் சேர்த்தே போட்டார்கள் என்பதையும் சொன்னேன். இந்த வண்டிக்கு அடுத்து ஆர்.சி. புதுப்பிக்கிற முறை வரும். அப்போது இதை வைத்துக்கொண்டு போய் நிற்க முடியாது. கடைசியில் அவரை ஒப்புக்கொள்ள வைத்தது இது எதுவும் இல்லை. எட்டு மீட்டரில் பையன் நின்ற இடத்தில் அவரை நிற்க வைத்து, கிட் இருந்த லைட்டை நான் போட்டுக் காட்டியிருந்தேன். "இதையா நான் ரெண்டு மாசமா ஜனங்க கண்ணுல அடிச்சேன்" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

புது எச்-4 யூனிட் ஒரு ஜோடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். கொண்டு வந்து பார்த்தால் கண்ணாடியில் அம்புக்குறி இல்லை. வலது பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்தது. அதைப் போட்டால் ஓரத்துக்கு ஏற வேண்டிய வெளிச்சம் எதிரில் வருகிறவர் முகத்துக்கு ஏறும். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஜோடி எடுத்தேன். சர்வதேச முத்திரை போட்ட யூனிட்டில், முன்னால் நின்று பார்க்கிற நமக்கு வலது பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது நம்மூர் போல இடது பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்கு. அம்பு இரண்டு பக்கமும் காட்டினால் மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதோடு எச்.சி.ஆர். என்று எழுதியிருந்தால் ஹாலஜனுக்குச் செய்தது, டி.சி.ஆர். என்றால் செனானுக்கு. கண்ணாடியில் எழுதியிருக்கிற அந்த மூன்று எழுத்தைப் படித்திருந்தாலே அந்த 2,600 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

வயரிங்கில் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. பழைய சுவிட்ச் இப்போது ரிலேயைத் தூண்ட மட்டும்தான், அரை ஆம்பியர் கூட அதில் ஓடாது. எர்த் வயரை இரண்டு பக்கமும் தனியாக இழுத்து, பாடியில் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்த இடத்தில் புது போல்ட் போட்டு, மேலே கிரீஸ் பூசினேன். ஹோல்டர் இரண்டும் புதுசு. பல்ப் சாதாரண 60/55 வாட்தான். 100/90 போடச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். அது ஹோல்டரை உருக்கி, புது ரிஃப்ளெக்டரை ஒரு வருஷத்தில் பழுப்பாக்கிவிடும். நான் போடுவதில்லை.

ராத்திரி அதே சுவர். பேட்டரியில் 13.9, இடது பல்பில் 13.3, வலது 13.4. இடது பக்கம் பல்ப் மட்டுமே முன்பை விட 1.8 மடங்கு வெளிச்சம் தருகிறது என்று கணக்கு. புது ரிஃப்ளெக்டர் சேர்ந்ததும் அதைவிடக் கூடத் தெரிந்தது. கோடு கத்தியால் வெட்டியது போல விழுந்தது. அதை 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறக்கி, சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே, தரையிலிருந்து 62 சென்டிமீட்டரில் நிறுத்தினேன். அப்படி இறக்கினால் வெளிச்சத்தின் மேல் ஓரம் ரோட்டைத் தொடுகிற இடம் 72 மீட்டரில் வரும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் மகள் வீட்டுக்குப் போகும்போது வழக்கமாக ஏற்றுகிற அளவு சுமையைப் பின்சீட்டிலும் டிக்கியிலும் வைத்துத்தான் சாய்வைப் பார்த்தேன். எங்களுக்கு அகப்பட்டது இரண்டு மூட்டை மணல். அப்புறம் பையனை எட்டு மீட்டரில் நிற்கச் சொன்னேன். இடுப்புக்கு மேலே அவன் இருட்டில் இருந்தான். முட்டிக்குக் கீழே செருப்பின் வார் வரைக்கும் தெரிந்தது.

மொத்தச் செலவு 3,820 ரூபாய். யூனிட் 1,900, பல்ப் 520, ரிலே, வயர், ஹோல்டர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்து 600, கூலி 800.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். வயது ஏற ஏறக் கண்பாவை முன்போல் விரியாது, கண்ணின் லென்ஸும் மஞ்சளாகும், இருட்டில் வெளிச்சம் கூடுதலாகத் தேவைப்படும். எதிர் வெளிச்சம் கண்ணில் நட்சத்திரம் போலச் சிதறுகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். என் வேலை இல்லைதான், ஆனாலும் கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருந்தது. வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. அதுவரைக்கும் பொன்னேரிக்குப் பகலில் போய் வந்தார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு நல்ல மழைக்குப் பிறகு, வண்டியைத் திரும்ப அளக்கக் கூப்பிட்டேன். வலது 13.4, அப்படியே இருந்தது. இடது 13.1. எர்த் போல்ட்டைச் சுற்றி கிரீஸ் கரைந்து, ஓரத்தில் லேசாக வெள்ளை பூத்திருந்தது. தேய்த்து, மறுபடி கிரீஸ் பூசி 13.3-க்குக் கொண்டு வந்தேன். நாலு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை மீஞ்சூர் தாண்டி ஓரத்தில் நின்ற ஒரு டிரெய்லரின் சக்கரம் தூரத்திலிருந்தே தெரிந்ததாம். "சேறு பூசின சக்கரம் தம்பி, ஸ்டிக்கர் கூட இல்ல" என்றார்.